குன்னூர் ஊசியும் காந்தக் கண்ணும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. என் வயதுக்காரர்களிடம் இதைச் சொன்னால் இன்றைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்று அன்று யாரும் கேட்டதில்லை. இருந்தது ஆட்டு மூளை. அந்த ஆட்டு மூளையிலிருந்து புறப்பட்ட ஒரு வரலாறு குரங்குகளின் கூண்டு வழியாகவும் எலிகளின் கூண்டு வழியாகவும் நடந்து, இன்று பெருநகர மருத்துவமனைகளில் நாம் காணும் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் வாசலில் வந்து நிற்கிறது. தமிழகத்துக் குன்னூருக்கும் நாம் பிழைக்க வந்த இந்தப் பெங்களூருவுக்கும் அதில் பங்கு உண்டு. நான் டாக்டர் அல்லன். பித்தளையும் செம்பும் விற்கிற பாத்திரக் கடைக்காரன். படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பாஸ்டர் முதல் குன்னூர் வரை

1885 ஜூலை 6 அன்று பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைப் போடச் செய்தார். வெறிநோயால் இறந்த முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்து அது. பையன் பிழைத்தான். உலகமே பாஸ்டரைக் கொண்டாடியது.

நம் நாட்டில் 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் எழுந்தது. தென்னாட்டுக்கென 1907-ல் நீலகிரிக் குன்னூரில் ஒன்று அமைந்தது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடை அதற்குக் கைகொடுத்தது. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற இராணுவ மருத்துவர் புதிய முறை ஒன்றை வெளியிட்டார். வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்ப்பது. விலங்கு நோயுற்றதும் மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்று, ஊசிமருந்தாக்குவது. செலவு குறைவு, செய்வதும் சுலபம். ஆகவே செம்பிள் மருந்து ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆட்சி செய்தது. குன்னூரிலும் ஆட்டு மூளை மருந்துதான் தயாராயிற்று. அது காப்பாற்றிய உயிர்கள் கணக்கிலடங்கா. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெறிநோய் முற்றிவிட்டால் மரணம்தான் என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் அந்த மருந்துக்கு ஒரு நிழலும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இரண்டொரு வாரத்தில் கால் மரத்தது, சிறுநீர் நின்றது, கை கால் விழுந்தது, சிலர் நினைவிழந்து இறந்தும் போனார்கள். சில நூறு பேரில் ஒருவர் என்றும், சில ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் இடத்துக்கு இடம் கணக்கு மாறுபட்டது. நாயின் விஷம்தான் ஏறிவிட்டது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அது நாயால் வந்ததல்ல, ஊசியில் இருந்த மூளைப் பொருளால் வந்தது என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

இங்கேதான் பெங்களூரு வருகிறது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ், 1954-ல் அகில இந்திய மனநல நிலையமாகவும், 1974-ல் இன்றைய வடிவிலும் உருவானது. இந்த ஊசியால் கை கால் முடங்கியவர்களை அங்குள்ள மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்துப் பதிவு செய்து, 1984-ல் உலக நரம்பியல் ஏட்டில் விரிவாக எழுதினார்கள். 1987-ல் பாங்காக்கில் செம்பிள் ஊசி போட்டுக்கொண்டவர்களை ஆராய்ந்த குழு, குற்றவாளியையே அடையாளம் காட்டிற்று: மயலின் அடிப்படைப் புரதம். நம் நாட்டில் இந்த ஆட்டு மூளை மருந்தின் தயாரிப்பு 2004 இறுதியில்தான் நின்றது. இப்போது போடுவது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் உண்டாக்கும் மருந்து. அதில் மூளை இல்லை.

கம்பியும் உறையும்

மயலின் என்பது என்ன? கரண்ட் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? நரம்பு இழைக்கு மேல் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஓர் உறை அதுபோல் சுற்றியிருக்கிறது. அதுதான் மயலின். உறை இருந்தால்தான் செய்தி தடங்கலின்றி ஓடும். ஆட்டு மயலினும் நம் மயலினும் பெரும்பாலும் ஒரே சாயல். ஆட்டு மூளை உடம்புக்குள் போனதும், நம் காவற்படை அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு அடிக்கப் பழகுகிறது. பழகிய பிறகு, அதே சாயலில் இருக்கிற நம் சொந்த மயலினையும் அடிக்கிறது. வீட்டுக் காவலாளி வீட்டுக்காரரையே அடித்த கதைதான்.

ஊசியே போடாமல், தானாகவே இப்படி நடக்கிற நோய் ஒன்று உண்டு. அதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். 1868-ல் பாரிஸ் சால்பெத்ரியே மருத்துவமனையில் ஷார்க்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது அங்கங்கே கெட்டிப்பட்ட திட்டுகள் இருந்தன. இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2014-ல் வெளிவந்த மங்களூர்க் கணக்கெடுப்பு, லட்சம் பேருக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்கிறது. நம் கர்நாடகத்துக் கணக்கு இது.

என் தங்கை மகள் அந்தக் கணக்கில் ஒருத்தி. 27 வயதில் ஒரு கண் மங்கியது. சில மாதம் கழித்து இடது கால் மரத்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள் தெரிந்தன. கிளாட்டிராமர் என்ற ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். இன்று நடக்கிறாள், வேலைக்குப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. கிழங்கு வகை சமைப்பதில்லை. அப்படி வளர்ந்த பெண் ஒருநாள் என்னிடம், “மாமா, இந்த ஊசி என் கைக்கு வர எத்தனை எலி செத்திருக்கும்?” என்று கேட்டாள். பதில் தேடித்தான் நான் இவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

கூண்டுக்குள் போன நோய்

பாஸ்டர் வகை ஊசியால் வந்த முடக்கத்தைக் கண்ட ஆய்வாளர்கள், வேண்டுமென்றே அதை விலங்குக்கு உண்டாக்கிப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்கள். 1933-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர் 8 குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றை மீண்டும் மீண்டும் செலுத்தினர். கிருமி கிடையாது, வெறும் மூளை. 2 குரங்குகள் முடங்கின. 1935-ல் மறுபடி செய்தபோது 8-ல் 7 முடங்கின. சில குரங்குகளுக்கு 80-க்கும் மேற்பட்ட ஊசிகள். 1947-ல் எல்வின் கபாட் குழுவினர் எண்ணெய் கலந்த கிளர்ச்சிப் பொருளுடன் கொடுத்து, சில ஊசிகளிலேயே ரீசஸ் குரங்குகளுக்கு நோயை வரவழைத்தனர். இந்தச் செயற்கை நோய்க்கு ஆய்வாளர்கள் வைத்த சுருக்கப் பெயர் ஈ.ஏ.ஈ. பின்னாளில் கினிப்பன்றி, எலி, சுண்டெலி என்று கூண்டுகள் பெருகின.

ரீசஸ் குரங்கு என்பது வட இந்தியக் கோயில் வாசல்களில் நாம் பார்க்கும் குரங்குதான். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியாவிலிருந்து அவை பெருவாரியாக மேல்நாட்டு ஆய்வகங்களுக்குக் கப்பலிலும் விமானத்திலும் போயின. மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, 1978-ல்தான் அந்த ஏற்றுமதி அடியோடு நின்றது.

இவ்வளவு உயிர்கள் போனதில் பலன் ஏதும் உண்டா? உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னோன், த்வோரா டைட்டல்பாம் ஆகிய மூவர், மயலின் புரதம் போன்ற செயற்கைப் பொருளைச் செய்து கினிப்பன்றிக்கு நோய் வரவழைக்க முயன்றனர். நோய் வருவதற்குப் பதில் அது நோயைத் தடுத்தது. 1971-ல் வெளியிட்டார்கள், 1996-ல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது. அதுதான் கிளாட்டிராமர், எங்கள் வீட்டுப் பெண் போட்டுக்கொள்கிற ஊசி. ஆக அவள் கேள்விக்கு முதல் பதில்: எண்ணிக்கை சொல்ல இயலாது; ஆனால் பூஜ்யம் அல்ல.

அறுக்காமல் பார்க்கும் கண்

இந்த ஆராய்ச்சியில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. உயிரோடு இருக்கும் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அறுத்தால்தான் தெரியும், அறுத்தால் அந்தப் பிராணியின் கதை அங்கேயே முடிந்தது. மண்டையோட்டைத் திறக்காமல் உள்ளே பார்க்க மனிதன் கற்றுக்கொண்டது 1970-களில்.

அந்தக் கணக்கிலும் ஒரு தமிழர் கை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்று, பின் இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கிய ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து 1971-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களைக் கூட்டி உள்ளுருவத்தை மீட்டெடுக்கும் விரைவான கணக்கு முறை அது. சி.டி. ஸ்கேன் துறையில் இன்றைக்கும் ‘ராம்-லாக்’ என்று அவ்விருவர் பெயரால் வழங்குகிறது. அதே 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் எந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது.

எக்ஸ்-கதிருக்கு மயலின் திட்டுகள் எளிதில் அகப்படவில்லை. 1973-ல் பால் லாட்டர்பர் காந்தத்தைக் கொண்டு இரண்டு சிறு நீர்க் குழாய்களைப் படமெடுத்தார். எம்.ஆர்.ஐ.யின் பிறப்பு அதுவே. அவரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர். செய்முறை இதுதான்: நம் உடம்பில் பெரும்பங்கு நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள் போன்றவை. பெரிய காந்தத்துக்குள் வைத்தால் ஓர் ஒழுங்குக்கு வரும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டினால் கலைந்து, பிறகு பழைய ஒழுங்குக்குத் திரும்பும். திரும்பும் நேரம் கொழுப்பில் ஒன்று, நீரில் ஒன்று. மயலின் அழிந்து வீங்கிய இடத்தில் நீர் கூடுதல். அதனால் அங்கே வெளிச்சமான புள்ளி. வெண்கலக் குடத்தைத் தட்டி, வரும் ஓசையை வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வித்தைதான்.

1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 10 நோயாளிகளுக்கு இரண்டு விதமாகவும் படம் எடுத்தார்கள். சி.டி.யில் தெரிந்த திட்டுகள் 19. காந்தப் படத்தில் அவற்றோடு மேலும் 112 தெரிந்தன. வைத்தியர்கள் அதுவரை நோயின் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

கடைக்கணக்கு ஒன்று

1980-களின் நடுவில் இந்தக் காந்தக் கண் விலங்கின் மேல் திரும்பியது. ஈ.ஏ.ஈ. உண்டாக்கிய குரங்குகளைக் கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள் படமெடுத்து, நோய் தொடங்கும் கட்டத்திலேயே மாற்றம் தெரிவதை 1985-ல் அறிவித்தனர். 1990-ல் லண்டனில் கினிப்பன்றிகளுக்குக் கடோலினியம் என்ற சாயப்பொருளை இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஓர் அரண் உண்டு. அந்த அரண் உடைந்த இடத்தில் மட்டும் கடோலினியம் கசிந்து பளிச்சிடும். மனித நோயாளியின் படத்தில் பளிச்சிடும் புள்ளிக்கு என்ன பொருள் என்பதை இப்படி விலங்கின் படத்தையும் திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் உறுதி செய்தார்கள்.

என் தொழிலோடு உறவுள்ள ஒன்றும் இதில் உண்டு. செம்பைப் பிடித்துக்கொள்ளும் குப்ரிசோன் என்ற பொருளைத் தீனியில் கலந்து 5, 6 வாரம் கொடுத்தால் சுண்டெலியின் மூளையில் மயலின் அழிகிறது. நிறுத்தினால் உறை மறுபடி வளர்கிறது. ஒரே எலியில் அழிவையும் வளர்ச்சியையும் வாராவாரம் படத்தில் பார்க்கலாம். உறையை வளர்க்கும் மருந்து தேடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

இப்போது கணக்கைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன்: நோயை 6 கட்டங்களில் பார்க்க வேண்டும், கட்டத்துக்கு 8 எலி வேண்டும் என்றால், அறுத்துப் பார்க்கும் பழைய முறையில் 48 எலி. படம் எடுக்கும் முறையில் அதே 8 எலிகளை 6 தடவை பார்த்துக்கொள்ளலாம். தவிர, எலிக்கு எலி இயல்பு வேறுபடும் என்ற குழப்பமும் குறையும். முடக்கம் முற்றுமுன் படத்திலேயே விடை கிடைத்துவிட்டால், அங்கேயே சோதனையை நிறுத்தி வேதனையையும் குறைக்கலாம். 1959-ல் ரஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர் விலங்குச் சோதனைக்கு மூன்று நெறி வகுத்தார்கள்: இயன்றால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. முதல் நெறியைக் காந்தக் கண் நிறைவேற்றவில்லை. பின்னிரண்டுக்கும் அது உண்மையான துணை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஆய்வு முடிவில் அந்த 8 எலிகளும் பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. படத்தைத் திசுவோடு ஒப்பிட வேண்டுமே! ஒவ்வொரு படத்துக்கும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மூச்சு அசைவுக்கேற்பப் படமெடுக்க வேண்டும். மனித மூளை சுமார் 1,400 கிராம். சுண்டெலி மூளை அரை கிராமுக்கும் குறைவு. என் தராசில் முள்ளே அசையாது. அந்தச் சிறுமைக்குள் விவரம் தெரிய, மருத்துவமனையில் 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம் போதுமென்றால், எலிக்கு 7 அல்லது 9.4 டெஸ்லா காந்தங்களைத் தேடுகிறார்கள். விலை அப்படி! மேலும் சுண்டெலியின் ஈ.ஏ.ஈ. பெரும்பாலும் தண்டுவடத்தைத் தாக்குகிறது. மனித நோய் மூளையையும் பரவலாகத் தாக்குகிறது. எலி வேறு, மனிதன் வேறு. லெனர்செப்ட் என்ற மருந்தை 168 நோயாளிகளுக்குச் சோதித்த முடிவு 1999-ல் வந்தது. அந்த வகை மருந்து விலங்கில் நோயைத் தணித்தது. மனிதரில் நோய்த் தாக்குதல்களைக் கூட்டியது. கூண்டில் கண்டதெல்லாம் வீட்டில் பலிப்பதில்லை. கிளாட்டிராமர் கூட 2001-ல் வெளியான 239 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. ஆய்வில், பளிச்சிடும் புள்ளிகள் குறைந்ததைக் காட்டிய பிறகுதான் அதன் பலன் கண்ணால் காணத்தக்கதாயிற்று.

கொல்லாமையும் சட்டமும்

சமண நெறி இல்லறத்தானுக்குக் கொலையை நான்காகப் பகுத்துச் சொல்கிறது. அடுப்பு மூட்டுவதில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது, தெரிந்தே எண்ணிச் செய்வது. முதல் மூன்றில் இல்லறத்தானுக்குச் சலுகை உண்டு, நான்காவதற்கு இல்லை. ஆய்வகத்தில் எலிக்கு நோய் வரவழைப்பது எதில் சேரும்? எண்ணித்தானே செய்கிறார்கள்? நோக்கம் நல்லது என்பதால் வகை மாறிவிடுமா? நான் கலந்து பேசிய பெரியவர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒருவர், “மருந்தை உண்பவனுக்கும் பங்கு உண்டு” என்றார். இன்னொருவர், “நோயாளியின் உயிரும் உயிர்தானே ஐயா” என்றார்.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்தார். சமண நூல்களும் புலன் எண்ணிக்கையால் உயிர்களைப் பகுக்கின்றன. நம் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர் கலாக்ஷேத்ரா நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்; மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவே தொடக்கம். அந்தச் சட்டம் சோதனையைத் தடுக்கவில்லை. இயன்றவரை தவிர்க்கவும், மயக்கம் கொடுக்கவும் வழி சொல்கிறது. பெரிய விலங்குக்குப் பதில் எலி, முயல், தவளை போன்ற சிறியவை போதுமானால் அவற்றைக் கொள்ளச் சொல்கிறது. இங்கே தமிழ் மரபும் சட்டமும் பிரிகின்றன. சட்டம் உடலின் அளவைப் பார்க்கிறது. மரபு புலனின் அளவைப் பார்க்கிறது. குரங்குக்கு ஐந்து புலன் என்றால் எலிக்கும் ஐந்துதான். குரங்கை விட்டு எலிக்கு மாறியதைப் புண்ணியக் கணக்கில் எழுத இயலாது.

எனவே தங்கை மகளிடம் நான் சொன்ன பதில் இதுவே. ஊசியை நிறுத்தாதே, உன் உடம்பைக் காப்பதும் அறம்தான். ஆனால் அந்த உயிர்களை மறக்காதே. வியாபாரத்தில் கடன் வாங்குவது தப்பில்லை; பேரேட்டில் எழுதாமல் விடுவதுதான் தப்பு. கசௌலி ஆடு, நியூயார்க் குரங்கு, வைஸ்மன் கினிப்பன்றி, பெயரில்லாத சுண்டெலி, இவற்றோடு செம்பிள் ஊசியால் கால் விழுந்த நம் ஏழைகள்: எல்லாரும் அந்தப் பேரேட்டில் வரவேண்டியவர்கள்.

நம் குடும்பங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகள் உயிர்நுட்பம் படிக்கிறார்கள். இந்த ஊரின் ஆய்வகங்களிலேயே வேலை செய்கிறார்கள். அவர்களிடம் பெற்றோர் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்: “அறுக்காமல் பார்க்க வழி இருந்தும், நீங்கள் அறுத்துத்தான் பார்க்கிறீர்களா?” எந்திரம் விலை அதிகம் என்று பதில் வரலாம். விலை அதிகம்தான். 8 உயிர் போதும் என்ற இடத்தில் 48 உயிரைச் செலவழிப்பதும் விலைதான். அதற்கு மட்டும் ரசீது கிடையாது.